பொறுத்திருந்த இரசம்: மதெய்ராத் தீவின் கதை

ஜூபிலி மலர் ஒன்றில் திராட்சை மதுவைப் பற்றிய வரலாறு எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் இருப்பார்கள். கேள்வி நியாயமானதே. மதுவினால் அழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். அதற்குப் பரிந்து பேச இங்கு வரவில்லை. ஆயினும் கானாவூர்த் திருமணம் முதல் இன்றைய திருப்பலி வரை திராட்சை இரசம் நம்மோடு வந்துகொண்டே இருக்கிறது. அதனைப் பதப்படுத்தவும், ஆண்டுக்கணக்கில் காக்கவும், தெளியவைத்து இறுக்கவும், சுவை பார்க்கவும் மனிதர் கற்ற பொறுமை ஒரு பெரிய வரலாறு. அதிலும் ஒரு தீவின் வரலாறு நம் கடற்கரைத் திருச்சபையோடு தொடர்புடையது. அந்தத் தொடர்பை நம்மவர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

பலிபீடத்துக்கு வேண்டிய இரசத்துக்கும் நாம் சொல்லப்போகும் இரசத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் எண், பூசைக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து வந்த இயற்கையான இரசமாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பழமையானதாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. எத்தனை ஆண்டு இருந்தது என்று கணக்குப் பார்ப்பது உணவு மேசையின் வழக்கம். நாம் பேசப்போவது அந்த மேசைக்குப் போன இரசத்தைப் பற்றியே.

அட்லாண்டிக் மாக்கடலில், லிஸ்பன் நகருக்குத் தென்மேற்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மதெய்ரா. பரப்பு ஏறக்குறைய 740 சதுர கிலோமீட்டர். கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் எரிமலைத் தீவு அது; அதன் உச்சி 1860 மீட்டருக்கும் மேல். 1419-இல் போர்த்துக்கீசிய மாலுமிகளான ஜுவாவுங் கொன்சால்வெஸ் சார்க்கோ, திரிஸ்தாவுங் வாஸ் தெய்ஷெய்ரா ஆகியோர் அங்கே கரையிறங்கினர். தீவு முழுதும் காடாக இருந்தமையால் 'மரம்' என்று பொருள்படும் மதெய்ரா என்னும் பெயரே நிலைத்தது. பெருஞ்சீரகம் மண்டிக் கிடந்த விரிகுடாவில் எழுந்த நகருக்கு, அச்செடியின் பெயரால் புஞ்சால் என்ற பெயர் வந்தது.

குடியேறியவர்கள் கரும்பும் திராட்சையும் நட்டனர். கரும்பே முதலில் செல்வம் தந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளின் உழைப்பும் அதில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பின்னர் பிரேசில் நாட்டுச் சர்க்கரை மலிவாக வரத் தொடங்கவே, தீவு மெல்ல மெல்லத் திராட்சைத் தீவாயிற்று. மலைச்சரிவில் கருங்கற் சுவர் எழுப்பி, படிப்படியாக மண் நிரப்பி, மேலே மழை பெய்யும் வடபுறத்திலிருந்து வாய்க்கால் வெட்டி நீர் கொணர்ந்தனர். லெவாதா எனப்படும் அந்த வாய்க்கால்கள் பாறையைக் குடைந்தும் பள்ளத்தை ஒட்டியும் இன்றும் ஓடுகின்றன.

இனி நம் தொடர்புக்கு வருவோம். 1514-இல் பத்தாம் சிங்கராயர் பாப்பரசர் புஞ்சால் மறைமாவட்டத்தை நிறுவினார். போர்த்துக்கீசியர் கடல் கடந்து பிடித்த நாடுகள் யாவும் அந்த ஆயரின் ஆளுகையில் வைக்கப்பட்டன. ஆப்பிரிக்கக் கரை, பிரேசில், இந்தியா எல்லாம் அந்தச் சிறு தீவின் பேராலயத்துக்குக் கீழ்! 1534-இல் கோவா தனி மறைமாவட்டமாக உயர்ந்தபோதும், அப்போது பேராயமாக இருந்த புஞ்சாலுக்கு உட்பட்டதாகவே உயர்ந்தது. முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றது 1530-களின் நடுவில்; புனித சவேரியார் வந்தது 1542-இல். அதாவது, நம் கடற்கரை முன்னோர் ஞானஸ்நானத் தொட்டியருகே நின்ற நாளில், திருச்சபை ஏணியில் அவர்களுக்குக் கோவா ஒரு படி, புஞ்சால் அடுத்த படி. அந்தத் தீவின் பெயரையாவது அவர்கள் கேட்டிருப்பார்களா!

புஞ்சாலில் சேசு சபையினரும் நிலமும் திராட்சைத் தோட்டங்களும் வைத்திருந்தனர். தென்கரையில் பெரும் பாறைச் சுவரின் அடியில், கடலோரமாக ஒரு சிறு நிலத்துண்டு உண்டு. அதற்கு இன்றும் 'பாதிரிமாரின் சரிவு' என்று பொருள்படும் பெயர்தான். அங்கு விளைந்த மல்வசீயா என்னும் இனிப்புத் திராட்சையின் இரசம் புகழ் பெற்றிருந்தது. 1759-இல் போர்த்துக்கீசிய அரசு சேசு சபையினரைத் தன் நாடுகள் அனைத்திலிருந்தும் வெளியேற்றியது. கோவாவில் சபையினரைச் சிறைப்படுத்திக் கப்பலேற்றிய அதே ஆணையே, அந்தப் பாறையடித் தோட்டத்தையும் அவர்களிடமிருந்து பறித்தது.

திராட்சை இரசத்தைக் காப்போர் அனைவரும் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. இருட்டான, குளிர்ந்த நிலவறை வேண்டும். காற்றுப் புகக் கூடாது. ஆட்டி அசைக்கக் கூடாது. பிரெஞ்சு நாட்டின் நல்ல இரசங்கள் இம்மூன்றும் காக்கப்பட்டால்தான் முதிரும். வெயிலில் வைத்தால் சில வாரங்களில் பாழ். மதெய்ராவின் இரசமோ இம்மூன்று தீங்குகளையும் ஒருங்கே அனுபவித்து, அவற்றாலேயே மேன்மை அடைந்தது. இதைத் திட்டமிட்டுச் செய்தவர் எவரும் இல்லை.

அந்நாளில் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் செல்லும் கப்பல்கள் மதெய்ராவில் நின்று நீரும் உணவும் இரசமும் ஏற்றிக்கொள்வது வழக்கம். சென்னைப் பட்டணத்துக் கோட்டையில் இருந்த ஆங்கில வணிகரும் படை அலுவலரும் விரும்பிக் குடித்தது இந்த மதெய்ராவையே. கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி சென்னை வந்துசேர ஏறக்குறைய அரை ஆண்டு ஆகும். போகும்போது நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். திரும்பும்போது மீண்டும் இருமுறை. கப்பலின் அடித்தட்டில் பீப்பாய்கள் வெந்தன, அலையில் குலுங்கின, மரத்தின் துளைகள் வழியே காற்றும் உள்ளே புகுந்தது. கெட்டிருக்க வேண்டிய பொருள் அது. விற்காமல் ஊர் திரும்பிய பீப்பாயைத் திறந்து பார்த்தவர்கள், புறப்பட்டபோது இருந்ததைவிட அது நன்றாயிருப்பதைக் கண்டு வியந்தனர் என்று தீவில் வழிவழியாகச் சொல்வர்.

பின்னர் அதுவே வியாபாரமாகிவிட்டது. பீப்பாய்களைச் சுற்றுப்பயணம் அனுப்பி, திரும்பி வந்தபின் விற்றனர். 'சுற்றி வந்த இரசம்' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. லண்டன் நகரில் 'கிழக்கிந்திய மதெய்ரா' என்றால் விலை கூடுதல். சென்னைத் துறைக்கு எதிரே நங்கூரமிட்டு நின்ற கப்பல்களில், கரைக்கு இறக்கப்படாமல் வெயிலில் காய்ந்துவிட்டுத் திரும்பிய பீப்பாய்களும் இருந்திருக்கும். நம் ஊர் வெயிலுக்கு லண்டனில் விலை கிடைத்தது என்றால் மிகையாகாது.

இது எப்படி நடந்தது? எரிமலை மண்ணில், கடற்காற்றில் விளையும் அத்தீவுத் திராட்சைக்கு இயல்பாகவே புளிப்பு அதிகம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, நெடும்பயணம் தாங்குவதற்காக அதில் காய்ச்சி வடித்த சாராயத்தைச் சிறிதளவு சேர்க்கும் வழக்கமும் பரவியது. அந்தச் சாராயம் கிருமிகளை அண்டவிடவில்லை. புளிப்பு சுவையைச் சாயவிடாமல் நிறுத்தியது. வெப்பத்தினால் இரசத்திலுள்ள சர்க்கரை மெல்லக் கருகி நிறமும் மணமும் தந்தது. காற்றுப் பட்டுக் கெடவேண்டியதெல்லாம் முன்னதாகவே பட்டு முடிந்துவிட்டமையால், இனிக் கெடுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டு கடந்தும் குடிக்கத் தக்கதாக நிற்கும் இரசம் உலகில் மிகச் சிலவே. அவற்றில் மதெய்ராவுக்கு முதலிடம் கொடுப்பதில் நமக்குத் தயக்கமில்லை.

அமெரிக்காவிலும் அதற்குப் பெருமதிப்பு இருந்தது. 1768-இல் பாஸ்டன் துறைமுகத்தில் ஜான் ஹான்காக் என்பவரின் 'லிபர்ட்டி' என்ற கப்பலைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தபோது ஊரில் கலகம் மூண்டது. வரி ஏய்த்து இறக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சரக்கு மதெய்ரா இரசமே. ஜார்ஜ் வாஷிங்டன் அதை நாள்தோறும் விரும்பி அருந்தியவர். 1815 ஆகஸ்டில், சிறைக்கைதியாகப் புனித எலெனா தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நெப்போலியனின் கப்பல் புஞ்சால் அருகே நின்றது. ஆங்கிலேயத் தூதர் கப்பலேறி அவரைக் கண்டார். அவர் ஒரு பீப்பாய் பழைய இரசம் கொடுத்தார், வயிற்று நோயால் பேரரசர் அதைத் தொடவில்லை, அது திரும்ப வந்து புட்டிகளில் அடைபட்டது என்றெல்லாம் ஒரு கதை உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது; கதையாகவே வைத்துக்கொள்வோம்.

எல்லாப் பீப்பாய்களையும் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருக்க முடியுமா? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வணிகர்கள் கரையிலேயே வெப்ப அறைகள் கட்டினர். எஸ்தூஃபா எனப்படும் அம்முறையில் இரசத்தை 45 முதல் 50 பாகை வரை சூடாக்கி, குறைந்தது மூன்று மாதம் வைப்பர். விலை மலிந்த இரசத்துக்கு இன்றும் இதுவே வழி. சற்று அவசர வழிதான். பருகினால் அந்த அவசரம் தெரியும் என்பார்கள். கருகிய வாடை முன்னே வந்து நிற்குமாம்.

நல்ல இரசத்துக்கு வேறு வழி. அதன் பெயர் கந்தெய்ரோ. பீப்பாய்கள் படுத்திருக்கும் மர உத்தரத்தின் பெயர் அது. புஞ்சால் நகரத்துக் கிடங்குகளில், ஓட்டுக் கூரையின் கீழ், வெயில் நேரே இறங்கும் மேல்மாடியில் பீப்பாயை வைத்துவிடுவார்கள். கோடையில் சூடாகும், மாரியில் ஆறும். சில ஆண்டுகள் சென்றபின் நடுமாடிக்கு இறக்குவர். மேலும் சில ஆண்டுகள் கழித்துக் கீழ்த்தளத்துக்கு. சூடு வரவரக் குறைய, வேலையும் மெல்ல நடக்கும். ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிப் போகும். அதைத் தேவதூதர்களின் பங்கு என்று ஐரோப்பியர் வேடிக்கையாகச் சொல்வர். மிஞ்சுவது வரவரக் கெட்டிப்படும். ஒரே ஆண்டின், ஒரே உயர்ந்த வகைத் திராட்சையின் இரசம் 'ஃப்ராஸ்கெய்ரா' என்ற மேலான பெயரைப் பெற வேண்டுமானால் மரப் பீப்பாயில் குறைந்தது 20 ஆண்டுகள் கிடந்திருக்க வேண்டும் என்பது விதி. குறைந்த அளவு அது. நாற்பது, ஐம்பது ஆண்டு விட்டுவைப்பதும் உண்டு. பீப்பாயில் ஊற்றியவரே திறப்பார் என்ற உறுதி இந்தத் தொழிலில் இல்லை. மகன் திறப்பான், சிலவேளை பேரன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் கதை பாதிதான். காத்திருக்க யாரால் முடிந்தது? கிடங்கு வைத்திருந்த வணிகரால் முடிந்தது. அவருள் பலர் ஆங்கிலேயர். மலைச்சரிவில் கல் சுமந்து சுவர் எழுப்பிய உழவனால் முடியவில்லை. கொலோனியா என்ற குத்தகை முறையில் நிலம் பிறருக்குச் சொந்தம். சுவரும் கொடியும் குடிசையும் மட்டும் உழவனுடையவை. விளைச்சலில் ஏறக்குறையப் பாதி நில உரிமையாளருக்கு. மிதித்துப் பிழிந்த சாற்றை ஆட்டுத்தோல் பைகளில் கட்டி, தோளில் சுமந்து, வரிசையாக மலைப்பாதை இறங்கிப் புஞ்சாலுக்குக் கொண்டுவந்தனர் கூலியாட்கள். அறுவடை முடிந்த கையோடு விற்றுக் கடனை அடைத்தால்தான் அடுத்த ஆண்டுக்கு விதையும் உணவும். இருபது ஆண்டு கழித்து வரும் இனிமையில் அவர்களுக்குப் பங்கில்லை. அந்தக் குத்தகை முறை, 1974-ஆம் ஆண்டுப் போர்த்துக்கீசியப் புரட்சிக்குப் பின்னர், 1977-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. நம் நாட்டு வாரக் குடிகளின் நிலையை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

1840-களின் நடுவில் உருளைக்கிழங்கு நோயினால் தீவில் பஞ்சம். அடுத்து 1850-களின் தொடக்கத்தில் சாம்பல் நோய் என்னும் பூஞ்சை திராட்சைக் கொடிகளை வெண்துகளாய் மூடியது. சில ஆண்டுகளில் விளைச்சல் ஏறக்குறைய இல்லாமலேயே போயிற்று. 1872-இல் வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சி வந்து எஞ்சியவற்றையும் அரித்தது. கொடி செத்தால் வணிகர் கிடங்கிலுள்ள பழைய பீப்பாய்களின் விலை ஏறும்; உழவன் கப்பல் ஏறுவான். அவ்வாறே ஏறினார்கள். 1835 முதலே பிரித்தானிய கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் செல்லத் தொடங்கியிருந்தவர்கள், இந்தப் பஞ்சங்களின்போது ஆயிரம் ஆயிரமாகப் போனார்கள். 1845 முதல் சென்னைத் துறையிலிருந்தும் தமிழர்கள் அதே கயானாவுக்குக் கூலிகளாக அனுப்பப்பட்டனர். மதெய்ராக்காரனும் தமிழனும் அடுத்தடுத்த தோட்டங்களில் கரும்பு வெட்டினார்கள். ஜார்ஜ்டவுன் நகரில் மதெய்ரா மக்கள் 1861-இல் திரு இருதய ஆலயம் ஒன்றைத் தங்களுக்கென எழுப்பினர். மரத்தால் கட்டிய அந்த அழகிய கோவில் 2004 கிறிஸ்துமஸ் நாளன்று தீயில் எரிந்து போயிற்று.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் இந்தியக் கப்பல்கள் மதெய்ரா வழியாகச் செல்ல வேண்டிய தேவை குறைந்தது. 1917-இல் ருஷ்யப் புரட்சி ஒரு சந்தையை மூடியது. 1920-இல் அமெரிக்க மதுவிலக்கு மற்றொன்றை மூடியது. இரசம் வாங்க ஆளில்லாமல் பீப்பாய்கள் கிடந்தன. அந்தக் கேட்டிலும் ஒரு நன்மை விளைந்தது. விற்க முடியாமல் கிடந்தவைதாம் பிற்காலத்தில் அரும்பெரும் பழைய இரசங்களாக வெளிவந்தன. பொறுமை என்று நாம் பாராட்டுவதில் ஒரு பங்கு வெறும் வியாபார மந்தம்தான்! தோட்டங்கள் இன்றும் சிறு சிறு துண்டுகளே. மேசையின் அகலமுள்ள படிக்கட்டு நிலத்தில், பந்தலின் கீழே காய்கறியும் மேலே திராட்சையுமாகப் பயிர்செய்வோர் உண்டு.

இனித் திறப்பதைப் பற்றி. மற்ற இரசப் புட்டிகளைத் தக்கை நனைந்திருக்கும்படி படுக்கவைப்பார்கள். மதெய்ராவை நிமிர்த்தியே வைக்க வேண்டும். அதன் புளிப்பும் சாராயமும் நாளடைவில் தக்கையைத் தின்றுவிடும். தாளில் அச்சிட்ட முகப்பு கிடங்கில் உதிர்ந்துபோகும் என்பதனால், பழைய புட்டிகளில் திராட்சை வகையையும் ஆண்டையும் தகட்டு அச்சு வைத்து வெள்ளை வர்ணத்தில் எழுதியிருப்பர். சேர்சியால் என்றால் இனிப்பு மிகக் குறைவு. வெர்தெல்யோ சற்றுக் கூடும். போவால் அதற்கு மேல். மல்வசீயா நல்ல இனிப்பு.

பள்ளிக்கூடத்தில் தெளியவைத்து இறுத்தல் என்று கலங்கல் நீரை வைத்துப் படித்திருக்கிறோம் அல்லவா? அதே வேலைதான் இங்கும். புட்டியை ஓரிரு நாள் அசையாமல் நிறுத்தினால் மண்டி அடியில் படியும். தக்கை பொடியாகக்கூடும், மெதுவாக எடுக்க வேண்டும். பின்னர் புட்டியின் கழுத்துக்குப் பின்னே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, ஒரே சீராகக் கண்ணாடிக் குடுவைக்குச் சாய்ப்பார்கள். மண்டி கழுத்தை நெருங்குவது விளக்கொளியில் தெரிந்தவுடன் நிறுத்திவிடுவார்கள். ஆனால் மதெய்ராவை இறுப்பதன் முதற்பயன் மண்டியை நீக்குவது அன்று, காற்றுக் காட்டுவதே. ஐம்பது, நூறு ஆண்டு புட்டிக்குள் மூச்சடக்கிக் கிடந்த இரசத்திலிருந்து முதலில் எழுவது அடைத்த அறையின் நாற்றம். அவசரக்காரர் அந்த வேளையில் மோந்து பார்த்தால், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடக்கூடும். புட்டியில் இருந்த பத்தாண்டுக்கு ஒரு நாள் வீதம் திறந்து வைக்க வேண்டும் என்பது பழகியவர்களின் கணக்கு. எண்பது ஆண்டு புட்டியில் இருந்ததற்கு எட்டு நாள். சாதாரண இரசத்தை எட்டு நாள் திறந்து வைத்தால் கெட்டுவிடும்.

எட்டாம் நாள் சிறு குவளையில் ஊற்றினால் நிறம் தேன்பாகு போல. விளிம்பில் மட்டும் மெல்லிய பச்சைச் சாயல். மணத்தில் வறுத்த வாதுமையும் ஆரஞ்சுத் தோலும் கருகிய சர்க்கரையும். ஒரு மிடறு போதும், முதலில் இனிப்பு. அதன் பின்னே எலுமிச்சையைப் போலப் புளிப்பு வந்து வாயைக் கழுவிவிடும். இனிப்பு திகட்டாதிருப்பது அதனாலேயே. குடுவையில் மிஞ்சியதை மூடி வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். குடித்து முடித்த வெறுங்குவளையைக் கழுவாமல் விட்டால், மறுநாட் காலையிலும் அதில் மணம் நிற்கும்.